சணல் வெட்டிய ஏரி

கல்கத்தாவின் லேக் கார்டன்ஸ் பகுதிக்குப் பெயரை நம்பி வருகிறவர்களுக்கு ஒரு தகவல்: லேக், ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், கார்டன், பால்கனித் தொட்டியில்.

அந்த லேக்கும் ரிஷி சாபத்தால் வந்ததல்ல. 1898இல் கல்கத்தாவுக்குப் பிளேக் வந்தது. அதுவரை துரைமார் கண்ணில் படாத சந்துகளெல்லாம் திடீரென்று சுகாதாரக் கேடாகத் தெரிந்தன. நிதானமாக யோசித்து, ஊரைச் சீர்திருத்த 1911இல் சட்டம், 1912இல் கல்கத்தா இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட். அதே 1911 டிசம்பரில் தலைநகரை டெல்லிக்கு மாற்றுவதாகவும் அறிவித்தார்கள். வீட்டுக்கு வெள்ளையடித்துவிட்டுக் காலி செய்த குடித்தனக்காரர்கள் இவர்களாகத்தான் இருக்கும்.

பணத்துக்கு? அங்கேதான் மூளை. ஏற்றுமதியாகும் சணலுக்கு ஒரு வரி. சொத்து கைமாறினால் ஒரு வரி. ரயிலில் வந்துபோனால் அதற்கும் ஒன்று. கிழக்கு வங்காளத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று சணல் அறுத்தவன், தான் பார்த்தேயிராத ஊரின் சாக்கடைக்குப் பங்கு போட்டான். பிற்காலத்தில் இங்கே குடியேறி, லேக் மார்க்கெட்டில் கறிவேப்பிலை கொசுறு கேட்ட நம் மாமிகளும் அவனுக்குக் கடன்பட்டவர்களே.

1920களில் டிரஸ்ட் ஊருக்குத் தெற்கே 192 ஏக்கர் சதுப்பை வளைத்துப்போட்டது. மனை பிரிக்க வேண்டும், நிலமோ சேறு. ஓரிடத்தில் தோண்டி, அந்த மண்ணைச் சுற்றிலும் கொட்டி மேடாக்கினார்கள். மேடு மனையானது. 73 ஏக்கர் பள்ளம் டாக்கூரியா ஏரியானது. வளர்ச்சியும் சுற்றுச்சூழலும் கைகோக்க வேண்டும் என்று இன்று நட்சத்திர ஹோட்டலில் மாநாடு போட்டுப் பேசுகிறோமே, அதை மண்வெட்டிக் கூலிகள் பேசாமலே முடித்துவிட்டார்கள். 1958இல் ரவீந்திர சரோபர் என்று பெயர் மாறியது. தாகூர் பெயர் வைத்தால் வங்காளத்தில் பள்ளமும் புனிதமாகிவிடும்.

தெற்கே ஏரி வெட்டிய அதே ஊர், 1962இல் கிழக்கே அதற்கு நேர்மாறாகச் செய்தது. யூகோஸ்லாவியா கம்பெனியை வரவழைத்து, ஹூக்ளி வண்டலைக் குழாயில் கொண்டுவந்து, உப்பேரிச் சதுப்பைத் தூர்த்தது. அங்கே எழுந்த நகரத்துக்கு சால்ட் லேக் என்று பெயர். லேக்தான் இல்லை.

2017இல் டிரஸ்ட், கொல்கத்தா பெருநகர வளர்ச்சி ஆணையமான கே.எம்.டி.ஏ.வில் கரைந்தது, ஏரியைக் காக்கும் பொறுப்பும் அதனிடம் போனது. நீரில் நின்று சூரியனை வணங்கும் சட் பூஜையை ஏரியில் நடத்தப் பசுமைத் தீர்ப்பாயம் தடை விதித்திருந்தும், 2019இல் பூஜைக் கூட்டம் கேட் பூட்டை உடைத்து உள்ளே போனது. 2020இல் பூட்டை உடைக்கும் சிரமம் யாருக்கும் வேண்டாமென்று கே.எம்.டி.ஏ.வே தீர்ப்பாயத்தில் பூஜைக்கு அனுமதி கேட்டது. தீர்ப்பாயம் மறுத்தது. உச்ச நீதிமன்றமும் இரங்கவில்லை.