ஐமேக்ஸ் அண்ணன்

அமெரிக்க சினிமா 1999-ஆம் ஆண்டோடு செத்துப்போய்விட்டது என்பது ஐமேக்ஸ் அண்ணனின் தீர்ப்பு. மேட்ரிக்ஸ், ஃபைட் கிளப், மேக்னோலியா மூன்றும் அந்த ஒரே வருஷத்தில் வந்தவை. அதற்கப்புறம் என்ன கிழித்தார்கள் என்று கேட்பார். கேட்டுவிட்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் வேளச்சேரிக்கோ வடபழனிக்கோ கிளம்பிவிடுவார். செத்த வீட்டுக்கு வாராவாரம் துக்கம் விசாரிக்கப் போகும் ஒரே உறவுக்காரர் அவர்தான்.

உங்கள் அலுவலகத்திலும் இந்த அண்ணன் இருப்பார். அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் கட்டாயம் இருப்பார். அவரிடம் போய் ஒரு படத்தைப் பார்த்துவிட்டதாக மட்டும் சொல்லிவிடக் கூடாது.

“எந்த ஃபார்மேட்ல?”

அவ்வளவுதான். நீங்கள் படமே பார்க்கவில்லை என்று பத்து நிமிஷத்தில் நிரூபித்துவிடுவார். 2023-ல் ஓப்பன்ஹைமரை ஐமேக்ஸ் 70 எம்.எம். ஃபிலிமில் ஓட்டிய அரங்குகள் உலகம் முழுக்க 30. இந்தியாவில் ஒன்றுகூடக் கிடையாது. அந்த ஃபிலிம் சுருளின் நீளம் 11 மைல், எடை சுமார் 270 கிலோ. இந்தக் கணக்கெல்லாம் அண்ணனுக்குத் தலைகீழ்ப் பாடம். படத்தில் யார் யாரை ஏன் விசாரித்தார்கள் என்று கேட்டால்தான் கொஞ்சம் தடுமாறுவார். “நாம பாத்தது டிஜிட்டல், தம்பி. ஒரிஜினலோட ஜெராக்ஸ்” என்று பெருமூச்சு விட்டவர், அந்த ஜெராக்ஸை மூன்று தடவை பார்த்தார்.

அதே படத்தின் இந்தியப் பிரதியில் நடிகை ஃப்ளோரன்ஸ் ப்யூவுக்குக் கம்ப்யூட்டரிலேயே ஒரு கறுப்பு உடை தைத்து மாட்டினார்கள். “அவன் ஊரையே எரிக்கிற குண்டு செய்யுறான். அத விட்டுட்டாங்க. இந்தப் பொண்ணுக்குக் குளிருமேன்னு போத்தி விடுறாங்க!” இந்த ஒரு விஷயத்தில் நானும் அண்ணன் கட்சிதான். 2025-ல் சூப்பர்மேன் வந்தபோது தணிக்கையில் 33 விநாடி முத்தம் போயிற்று. அந்த 33 விநாடிக்கு டிக்கெட்டில் எவ்வளவு கழிக்க வேண்டும் என்று பார்க்கிங்கில் நின்றபடி செல்போனில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

இடைவேளை என்றால் அவருக்கு ஆகாது. கதாநாயகன் மலையுச்சியில் ஒரு கையில் தொங்கும்போது விளக்கைப் போட்டு, நகைக்கடை விளம்பரம் காட்டி, பாப்கார்ன் விற்பது காட்டுமிராண்டித்தனம் என்பார். ஸ்கோர்செஸியின் கில்லர்ஸ் ஆஃப் தி ஃபிளவர் மூன் 206 நிமிஷம். அமெரிக்காக்காரன் இடைவேளை இல்லாமல்தானே பார்த்தான்? நியாயம். அப்புறம் தி புரூட்டலிஸ்ட் வந்தது. மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடும் படம். நடுவே 15 நிமிஷ இடைவேளையை இயக்குநரே வைத்து, திரையில் கடிகாரத்தையும் ஓடவிட்டிருந்தார். அண்ணன் உருகிப்போய்விட்டார். “என்ன ஒரு கலைத் துணிச்சல் தம்பி!” அதே துணிச்சலை நம்மூர் டூரிங் கொட்டகைக்காரர் சோடா விற்றுக்கொண்டே எத்தனை வருஷம் காட்டினார் என்று சொன்னால் அவர் காதில் ஏறாது.

மார்வெல் படங்கள் சினிமாவே இல்லை, தீம் பார்க் மாதிரி என்ற பொருளில் 2019-ல் ஸ்கோர்செஸி சொன்னார் அல்லவா, அன்றிலிருந்து அதுவே அண்ணனுக்கும் வேதம். ஆனால் அதே ஆண்டு எண்ட்கேம் தமிழில் வந்தபோது அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதி குரல் கொடுத்ததை அவர் இன்றுவரை மன்னிக்கவில்லை. சினிமாவே இல்லாத ஒன்றுக்கு யார் குரல் கொடுத்தால் என்ன அண்ணே என்று கேட்டேன். டீக்குக் காசு கொடுக்காமல் எழுந்து போய்விட்டார்.

ஹாலிவுட்டில் கற்பனை வற்றிவிட்டது என்பதற்கு அவரிடம் ஆதாரம் உண்டு. 2024-ல் உலக அளவில் அதிகம் வசூலித்த பத்துப் படங்களில் ஒன்பது, ஏற்கெனவே வந்த ஏதோ ஒன்றின் அடுத்த பாகமோ முன்கதையோதான். ஒன்பதையும் முதல் வாரமே பார்த்துவிட்டுத்தான் சொல்கிறார். மீதமிருந்த ‘விக்கிட்’ படத்துக்குப் போகவில்லை. “அது பாதிக் கதைதான். மீதி அடுத்த வருஷமாம்.”

சின்னப் படங்களை மதிக்கிறவர்தான். சுமார் 60 லட்சம் டாலரில் எடுத்த அனோராவை ஊரில் ஒருவருக்கும் தெரியாதபோது தலையில் தூக்கிவைத்து ஆடினார். 2025 மார்ச்சில் அதற்கு ஐந்து ஆஸ்கர் கிடைத்தது. மறுநாள் காலை அது ‘ஓவர்ரேட்டட்’ ஆகிவிட்டது.

டெனட் படத்தில் வசனம் யாருக்குமே கேட்கவில்லை என்று உலகமே புலம்பியது. நோலன் வேண்டுமென்றேதான் அப்படி வைத்தார் என்பது அண்ணன் கட்சி. திரையில் கீழே ஓடும் சப்டைட்டில் கவனத்தைச் சிதைக்கிறது என்று ஒவ்வொரு படத்துக்கும் குறைப்படுவார். பக்கத்து சீட்டிலிருந்து பார்த்தால் அவர் கண் அந்த வரியை விட்டு மேலே போவதில்லை.

நோலனின் ஒடிசி படத்துக்கு அமெரிக்காவில் சில அரங்குகள் ஓராண்டுக்கு முன்பே, 2025 ஜூலையிலேயே டிக்கெட் விற்றன. அண்ணனும் அதே மாதம் விமர்சனத்தை எழுதி முடித்துவிட்டார். எத்தனை ஸ்டார் என்பதுதான் பாக்கி.

அவர் கூப்பிட்டால் தயங்காமல் படத்துக்குப் போங்கள். டிக்கெட் அவரே எடுப்பார், நடு வரிசையில் நல்ல சீட்டாகவே எடுப்பார். திரும்பும்போது மட்டும் அவர் காரில் ஏறாதீர்கள். வடபழனியில் மெட்ரோ இருக்கிறது.