நான் ரெண்டு தடவை செத்த கதை

உட்காருடா பேராண்டி. பையைக் கழட்டி அந்த ஆணியில மாட்டு. ஏன் தூண் மறைவுல நின்னு பாக்குறே? நான் பேயில்ல. வேணும்னா தொட்டுப் பாத்துக்க, சூடு இருக்கு.

போன செவ்வாக்கிழமை உன் காலேஜுக்குப் போயிருந்தேன். உங்க அப்பன் கீத்து வெட்ட ஏறி மரத்துலேருந்து விழுந்து, இடுப்பெலும்பு விட்டுப்போயி தஞ்சாவூர் மெடிக்கல்ல கிடக்கான். நீ அவனுக்குத் துணையா ராப்பகலா அங்கயே கிடக்குறே. பரீட்சை வேற வருது. வாத்தியார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வருவோமேன்னு பத்துத் தேங்காயை உரிச்சு மஞ்சப்பையில போட்டுக்கிட்டு பஸ் ஏறினேன். உங்க ஹெச்.ஓ.டி. அம்மா நல்ல மாதிரி. உட்காரச் சொல்லி, தண்ணி குடுத்து, உன் ஃபைலைப் புரட்டுச்சு. புரட்டின கை அப்படியே நின்னுபோச்சு. ஃபைலைப் பாக்குது, என்னைப் பாக்குது. "நீங்க அவனுக்கு அம்மா வழித் தாத்தாவா?"ன்னுச்சு. "இல்லம்மா, அவன் அப்பனைப் பெத்தவன்"னேன். "அவனுக்கு அப்பா வழியில எத்தனை தாத்தா?"ன்னுச்சு. அங்கதான் எனக்குப் பொறி தட்டுச்சு.

போன வருஷம் ஆடியில ஒரு தடவை செத்திருக்கேன். இந்த வருஷம் தையில இன்னொரு தடவை. ஆடியில நெஞ்சுவலி, தையில வயசு மூப்பு. ரெண்டு கடுதாசியிலயும் உங்க அப்பன் கையெழுத்து. அவன் ரேஷன் கார்டுலயே ஒழுங்காக் கையெழுத்துப் போட மாட்டான், இதுல முத்து முத்தா இருக்கு. செத்ததுகூடப் பெரிசில்லடா. ரெண்டு சாவுக்கும் சேத்து அஞ்சே நாள் லீவு கேட்டிருக்கே பாரு, அதுதான் மனசு விட்டுப்போச்சு. கருமாதி வரைக்குமாவது துக்கம் காக்கக் கூடாதா? அந்த அம்மாகிட்ட என்ன சொல்றது? "ஆமாம்மா, ரெண்டு தடவை போனேன், இடமில்லைன்னு திருப்பி அனுப்பிட்டாங்க"ன்னேன். சிரிச்சுடுச்சு. சிரிச்சதனால நீ பொழைச்சே.

சரி, சாவை விடு. இப்ப நிஜமாவே குடும்பத்துல இடி விழுந்திருக்கு. இப்பப் பாத்து உனக்கு வாய் அடைச்சுப்போச்சு. பொய்க்குக் கடுதாசி எழுதுன கை, மெய்க்கு எழுத மாட்டேங்குது. ஏன்னா வெக்கம். இல்லாத கஷ்டத்தைச் சொல்றப்ப வராத வெக்கம், இருக்குற கஷ்டத்தைச் சொல்றப்ப எங்கேருந்துதான் வருதோ!

இந்த வெக்கத்தை நான் நெறையப் பாத்திருக்கேன். முப்பது வருஷம் தலையாரி உத்தியோகம் பாத்தவன் நானு. 2018 நவம்பர் 16, கஜா புயல். நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரையேறி, விடியறதுக்குள்ள நம்ம பக்கத்துத் தோப்பையெல்லாம் பாய் விரிச்ச மாதிரி படுக்க வச்சுட்டுப் போயிடுச்சு. மரத்துக்கு 600 ரூபா, வெட்டி அப்புறப்படுத்த 500 ரூபா, ஆக 1100ன்னு சர்க்கார் சொன்னாங்க. வி.ஏ.ஓ. பின்னாடி தோப்புத் தோப்பாப் போயி நான்தான் மரத்துல சுண்ணாம்புக் குறி போட்டேன். நூத்தம்பது மரம் போனவன் ஒருத்தன், கையேந்துறதாவதுன்னு வீட்டுக்குள்ள குப்புறப் படுத்துக்கிட்டான். ஆறு மரம் போனவன் பன்னெண்டு ஜெராக்ஸோட வாசல்ல நின்னான். யாரு பேரு முதல்ல லிஸ்ட்ல ஏறுச்சுன்னு நினைக்கிறே? புயலுக்கு உன் மானம் தெரியாது, தாசில்தாருக்கு உன் தோப்பு தெரியாது. நடுவுல ஒரு காகிதம் போனாத்தான் ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை.

இன்னொண்ணும் கேட்டுக்க. ஊரோட நனைஞ்சா உத்தரவு தானா வரும். 2015 மழையில சென்னை முழுகினப்ப அண்ணா பல்கலைக்கழகமே பரீட்சையைத் தள்ளி வச்சுது. எவனும் மனு எழுதல. கொரோனா வருஷம், 2020 ஆகஸ்ட்ல, அரியருக்குப் பணம் கட்டினவன் எல்லாம் பாஸுன்னு முதலமைச்சர் அறிவிச்சாரு. பயலுக போஸ்டர் அடிச்சு ஒட்டிக் கொண்டாடினாங்க. அப்புறம் அது கோர்ட்டுக்குப் போயி இழுபட்டது வேற கதை. அதுலயும் பாத்தியா, பணம் கட்டி ரசீது வச்சிருந்தவனுக்குத்தான் அறிவிப்பு. "எப்படியும் ஃபெயிலு, எதுக்குக் கட்டணும்"னு அந்தக் காசுல பரோட்டா சாப்பிட்டவனுக்குப் பரோட்டாதான் மிச்சம். ஆனா உங்க அப்பன் ஒருத்தன் மரத்துலேருந்து விழுந்ததுக்கு எந்த முதலமைச்சரும் அறிக்கை விட மாட்டாரு. உன் வீட்டுல மட்டும் பேஞ்ச மழைக்கு நீதான்டா எழுதணும்.

நீ என்ன திட்டம் போட்டிருக்கேன்னு உன் தங்கச்சி சொல்லிட்டா. மஞ்சக்காமாலைன்னு ஐநூறு ரூபாய்க்கு டாக்டர் சர்டிபிகேட் வாங்கி வருகைக் கணக்கைச் சரிக்கட்டப் போறியாம். ஏன்டா, இந்த நாட்டுல காலேஜ் பிள்ளைகளுக்கு மட்டும் எப்படிடா செமஸ்டர் முடியறப்ப மஞ்சக்காமாலை வருது? அதுவும் சரியா இருபத்தோரு நாளு? புரட்டாசியில உனக்கு நிஜமாவே டெங்கு வந்துச்சு. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில கிடந்தே, அப்புறம் ரெண்டு வாரம் எலும்புந்தோலுமாத் திண்ணையில கிடந்தே. அந்த டிஸ்சார்ஜ் சம்மரி எங்க? எங்கன்னு நான் சொல்றேன். டி.வி. ஸ்டாண்டு ஆடுதுன்னு அதை நாலா மடிச்சுக் காலுக்கடியில சொருகி வச்சிருக்கா உன் ஆத்தா. மெய்யான காகிதம் ஸ்டாண்டைத் தாங்குது, பொய்யான காகிதத்துக்குக் காசு தேடிக்கிட்டு அலையறே. போயி அதை உருவிட்டு வா. டி.வி. ஆடுனா ஆடட்டும், சீரியல்ல எல்லாரும் ஆடிக்கிட்டுத்தானே இருக்காங்க.

உன் தங்கச்சி நேத்து ராத்திரி அண்ணா பல்கலைக்கழகத்தோட 2021 விதிமுறைப் புத்தகத்தைப் போன்ல வச்சு வரி வரியாப் படிச்சுச் சொன்னா. எனக்கு இங்கிலீசு தெரியாது, ஆனா சர்க்கார் பாஷை எந்த மொழியில இருந்தாலும் புரிஞ்சுடும். 75 சதவீதம் வருகை இருக்கணும். 65க்கும் 75க்கும் நடுவுல நிக்கிறவன் ஆஸ்பத்திரியில கிடந்திருந்தாலோ, விபத்துல அடிபட்டிருந்தாலோ, மருத்துவச் சான்றைக் குடுத்துட்டுப் பரீட்சை எழுதலாம். 65க்குக் கீழ போனா அந்த செமஸ்டரையே திரும்பப் படிக்கணும். இது அண்ணா பல்கலைக்கழகத்துக் கணக்கு. கலைக் கல்லூரிகள்ல ஒவ்வொரு ஊருக்கும் ஒவ்வொரு அளவு, கண்டோனேஷன்னு அபராதமும் உண்டு. உனக்கு 67 இருக்கு. நீ மயிரிழையில உள்ள நிக்கிறே. இன்னும் ரெண்டு பெர்சன்ட்டுக்கு மேல போனா டெங்குக் கொசுவே வந்து சாட்சி சொன்னாலும் செல்லாது.

இப்ப அடுத்தது. பரீட்சைக்குப் பதினாறு நாள் இருக்கு. அப்பனைப் புரட்டிப் படுக்கப்போட ஆள் வேணும். படிக்கிற நிலைமையில நீ இல்ல. அதனால பேசாம போகாம இருந்துடலாம்னு நினைக்கிறே. அதுக்குத்தான்டா அந்தப் புத்தகத்துல ஒரு வரி இருக்கு, கேட்டுட்டு நான் வெத்தலையைத் துப்பிட்டுச் சிரிச்சேன். பரீட்சைக்குப் பேர் குடுத்துட்டு வராம இருந்தா, கிளாஸ் போடுற கணக்குக்கு நீ வந்ததாவே வச்சுக்குவாங்களாம். வராதவன் வந்தவனாம்! வந்து, உட்காந்து, ஒண்ணும் எழுதாம போனவனாம். செத்தவனை உயிரோட காட்டுறதும், உயிரோட இருக்குறவனை செத்ததாக் காட்டுறதும் உனக்கு மட்டுந்தான் தெரியும்னு நினைச்சேன். பல்கலைக்கழகம் உன்னைவிடக் கெட்டி.

ஆனா ஒரு கடுதாசி குடுத்துட்டு வராம இருந்தா, நீ மெய்யாவே வராதவன். அதுக்குப் பேரு வித்ட்ராயலாம். உடம்பு சரியில்லாட்டியும், குடும்பத்துல எதிர்பாராத நிலைமை வந்தாலும் கேக்கலாம்னு அச்சடிச்சே போட்டிருக்கான். குடும்பம்னு ஒண்ணு உனக்கு இருக்குங்கறது அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு பாரேன்! பிரின்சிபால் வழியா மேல போகணும். பரீட்சை தொடங்க 10 நாளைக்கு முந்தியே குடுத்துடணும். அதுக்கப்புறம் தலைக்கு மேல வெள்ளம் வந்தா, அதைத் தனியாப் பாப்பாங்க, அது அவங்க மனசு. விட்ட பேப்பரை அடுத்த செமஸ்டர்ல எழுதிக்கலாம். டிஸ்டிங்ஷன் கணக்குல அது ஒரு முயற்சியாச் சேராது. ஆனா முழுப் படிப்புக்கும் ஏதாவது ஒரு செமஸ்டர்லதான் இந்தச் சலுகை. அதனால எந்தப் பேப்பரை எழுத முடியும், எதை முடியாதுன்னு உக்காந்து பாத்துட்டு, முடியாததுக்கு மட்டும் கேளு. வாழைத்தார் கிடைச்சுதுன்னு ஒரே நாள்ல பூராத்தையும் திங்கிற புத்தி வேண்டாம்.

ஒண்ணை மறந்துடாதே. வருகைக் கணக்கு சரியா இருக்குறவனுக்குத்தான் வித்ட்ராயலே. அதனால டி.வி.க்கு அடியில இருக்குற காகிதம் முதல்ல போகணும், அப்பனோட காகிதம் அதுக்குப் பின்னாடி போகணும். மாத்திக் குடுத்தா ரெண்டும் மேஜை மேலயே தூங்கும்.

என்னது, ஒரு வருஷம் படிப்பையே நிறுத்திட்டுத் தோப்பைப் பாத்துக்கிறியா? நீ தோப்பைப் பாத்தா தோப்பு உன்னைப் பாத்து அழும். நிறுத்துறதுக்கும் மனு இருக்குடா. காரணம் சொல்லி, முன்கூட்டியே எழுதிக் கேட்டா அதிகபட்சம் ஒரு வருஷம், அதுவும் ஒரு தடவை. சொல்லாம நின்னுட்டா திரும்ப உள்ள நுழையறதுக்குள்ள செருப்பு தேஞ்சுடும். போகும்போது கதவைச் சாத்திட்டுப் போ, பூட்டிட்டுப் போகாதே. இப்ப அதுவும் வேண்டாம். உன் சித்தப்பன் வர்ற ஞாயித்துக்கிழமை திருப்பூர்லேருந்து வர்றான். அவன் ஒரு மாசம் ஆஸ்பத்திரியில இருப்பான். பேசியாச்சு.

உன் அத்தை மகளைக் கேட்டுப் பாரு. பிஎச்.டி. படிக்கிறப்ப பிள்ளை உண்டாச்சு. வாந்தியும் மயக்கமுமா, யாருகிட்டயும் சொல்லாம, படிப்பை விட்டுடறேன்னு பொட்டியைக் கட்டிட்டா. ஆராய்ச்சி பண்ற பொண்ணுகளுக்குப் பிரசவத்துக்கும் பிள்ளை வளக்கவும் 240 நாள் வரைக்கும் லீவு குடுக்கலாம்னு யு.ஜி.சி. 2016லயே எழுதி வச்சிருக்கு. அவ ஆராய்ச்சி பண்ணாத ஒரே புஸ்தகம் அந்த விதிமுறைதான். கூடப் படிச்ச பொண்ணு ஒருத்தி சொல்லித்தான் தெரிஞ்சுது. அந்தப் பிள்ளை இப்ப இங்க வந்தா என் மீசையைப் பிடிச்சு இழுக்குது.

கேட்டும் எவனாவது முறைச்சா? அதுக்கும் ஏணி இருக்கு. மாணவர் குறைதீர்க்கும் குழுன்னு காலேஜுக்குள்ளயே ஒண்ணு இருக்கணும். 15 வேலை நாளுக்குள்ள அது அறிக்கை குடுக்கணும். அதுலயும் நியாயம் கிடைக்கலேன்னா மேல ஓம்பட்ஸ்பெர்சன்னு ஒருத்தர். பேரைக் கேட்டா கதிர்ல வர்ற பூச்சிக்கு அடிக்கிற மருந்து மாதிரிதான் இருக்கு, ஆனா யு.ஜி.சி.யோட 2023 விதிமுறையில இருக்கு அது. எடுத்ததும் அதுக்குப் போகாதே. அம்மியை நகர்த்த ஆனையைக் கூப்பிடாதே. அந்த ஹெச்.ஓ.டி. அம்மாகிட்ட முதல்ல நீ நேர்ல போயி, "தாத்தா உயிரோட இருக்காரு, ரெண்டு கடுதாசியும் பொய், அப்பா விழுந்தது நிஜம்"னு வாயால சொல்லு. மூணே வாக்கியம். நாலாவது வாக்கியம் சொல்ல ஆரம்பிச்சா அதுல பொய் வந்துடும், உன் வாய் அப்படி.

சரி, பேனாவை எடு. இங்கிலீசுலயே எழுதிக்க, நான் சொல்றதை மாத்தாம எழுது. அனுப்புநர், பெறுநர் போடு. பொருள்னு போட்டு, என்ன வேணுமோ அதை ஒரே வரியில. "கருணை கூர்ந்து" ஒரு தடவை போதும். எட்டுத் தடவை போட்டா எட்டு மடங்கு கருணை வராது. நான் முப்பது வருஷம் வாசல்ல நின்னு பாத்தவன். அப்பன் எந்தத் தேதி விழுந்தான், எந்த வார்டுல இருக்கான், ஆபரேஷன் என்னைக்கு, இத்தனை நாளாப் பாத்துக்க வீட்டுல வேற ஆள் ஏன் இல்ல. அழுகை வேண்டாம், தேதி வேணும். தேதியைப் பாத்தாத்தான்டா ஆபீசுக்காரனுக்குக் கண்ணு கலங்கும். எந்தெந்தப் பேப்பர், அதோட கோடு நம்பரு. அடியில இணைப்பு: ஆஸ்பத்திரி அட்மிஷன் சீட்டு, டாக்டர் குடுத்த சான்று. ரெண்டு ஜெராக்ஸ். ஒண்ணை ஆபீசுல குடுத்து, இன்னொண்ணுல சீல் போட்டுத் தேதியோட கையெழுத்து வாங்கிக்க. "குடுத்தேன் சார்"ங்கறது பேச்சு, சீலுதான் ஆதாரம். அதை ஆத்தா கண்ணுல படாம வையி, டி.வி. ஸ்டாண்டுக்கு இன்னும் மூணு கால் இருக்கு.

கையெழுத்து உங்க அப்பனே போடட்டும். படுத்தபடியே கோணலாப் போட்டாலும் பரவாயில்ல. உன்னோடது ரொம்ப அழகா இருக்கு, சந்தேகப்படுவாங்க.

எழுதிட்டியா? படி பாப்போம். ம். சரிதான். கடைசியில தேதி போடு.

எழுந்திரு, கடைசி பஸ் ஏழரைக்கு. போறப்ப ஒண்ணு. ஆடியில ஒண்ணு, தையில ஒண்ணுன்னு என் பேருல லீவு எடுத்துத் தீத்துப்புட்டே. நான் நிஜமாப் போறப்ப அந்த அம்மா நம்பணும்ல, அதுக்கு ஒரு ரெண்டு நாள் மிச்சம் பிடிச்சு வையிடா.