வண்டலூரில் ஒரு ஃபெராரி மூஞ்சி

"இத்தாலி ஸ்போர்ட்ஸ் காரெல்லாம் நம்ம பக்கம் ஏது?" என்று சுருளிப்பட்டித் திராட்சைப் பந்தலடியில் யாராவது பெருமூச்சு விட்டால் அடக்கி வையுங்கள். சென்னை வண்டலூர் பக்கம் அதன் ஒன்றுவிட்ட தம்பியையே தயாரித்தோம்.

டூரின் நகரத்து ஜியோவன்னி மிக்கெலொட்டி ஃபெராரிக்கே உடம்பு வரைந்தவர். இங்கிலாந்தின் ஸ்டாண்டர்ட் டிரையம்ஃப் கம்பெனி அவரிடம் வந்து நின்றது. அவர்களுக்கு பாடி செய்து தந்த ஃபிஷர் அண்ட் லட்லோவைப் போட்டிக்காரன் பி.எம்.சி. வாங்கிவிட்டான். வேறு வழியில்லாமல் பாடியைத் துண்டு துண்டாகச் செய்து, தனிச் சேஸிஸில் போல்ட் முறுக்கினார்கள். 1959-இல் ஹெரால்டு பிறந்தது. பானெட்டைத் தூக்கினால் மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து எழும். 25 அடி வட்டத்துக்குள் திரும்பும். குமுளிக் கொண்டை ஊசி வளைவுக்கென்றே செய்தது போல. ஆனால் வேகமாகத் திருப்பினால் பின்சக்கரம் காலை மடக்கும். அதே சேஸிஸை வெட்டிச் சுருக்கி, மிக்கெலொட்டி கையாலேயே ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரும் 1962-இல் வந்தது.

ஹெரால்டு 1961-இல் மெட்ராஸ் வந்தது; இங்குள்ள ஸ்டாண்டர்ட் கம்பெனி அதைத் தயாரித்தது. அம்பாசடர், ஃபியட் தவிர வேறு கார் அதிகம் கிடைக்காத லைசென்ஸ் காலம். சிக்கல் ஒன்றுதான்: இரண்டே கதவு. முன்சீட்டை மடக்கி, சேலையைப் பிடித்து, தூக்குச்சட்டியோடு பின்னால் நுழைய வேண்டும். மிக்கெலொட்டி இரண்டு கதவு போதும் என்றார். நம் மாமியார்கள் நாலு கேட்டார்கள். மாமியார்களே ஜெயித்தார்கள். இங்கிலாந்தே செய்யாத நாலு கதவு ஹெரால்டை மெட்ராஸ் செய்தது. 1972-இல் ஹெரால்டின் வாரிசாக வந்த கஸெல், காலை மடக்கும் பின் ஆக்ஸிலையும் கழற்றி வீசியது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். 1985-இல் ஆசை வந்தது: ஸ்டாண்டர்ட் 2000. உடம்பு ரோவர் எஸ்டி1. அதன் மூக்குக்கு முன்மாதிரி ஃபெராரி டேடோனா. இங்கிலாந்தில் அதற்கு 3500 சிசி வி8 எஞ்சின். நாம் வைத்தது பழைய வான்கார்டு கார் வம்சத்து எஞ்சின். மாருதி சிக்கனமாக ஓடிக்கொண்டிருந்த ஊரில், இது குதிரை முகத்தோடு மாடு மாதிரி நகர்ந்து, யானை மாதிரி பெட்ரோல் குடித்தது. 1988-இல் கதை முடிந்தது.

ஹெரால்டுக்குக் கதவு வெட்டியபோது வாங்குகிறவர் யாரென்று கம்பெனிக்குத் தெரிந்திருந்தது. 2000-க்கு முகம் ஒட்டியபோது, கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தது.