மூன்றாவது விகாரை

கண்டியில் பிறந்து கண்டியிலேயே தலை நரைத்தவன் நான். ஆனால் போன மாதம் வரை எம்பக்கே தேவாலயத்தைக் கண்ணால் கண்டதில்லை. லங்காதிலகவும் கடலாதெனியவும் அப்படியே. பஸ் ஏறினால் போய்விடலாம் என்ற தைரியத்திலேயே அறுபது வயதாகிவிட்டது.

சுவிஸிலிருந்து வந்த அக்காவின் மகள் வாயைக் கிளறியிருக்காவிட்டால் இந்த இரகசியம் என்னோடேயே போயிருக்கும். இத்தாலியில் சான் ஜிமிஞ்ஞானோ என்ற மலையூருக்குப் போனாளாம். "அந்தக் காலத்துக் கோபுரம் 14 இன்னும் நிக்குது மாமா" என்று போனில் படம் காட்டினாள். எனக்குப் பொறுக்கவில்லை. "எங்கட கம்பளை இராசதானிக் காலத்துக் கோயில் மூன்று இருக்குப் பிள்ளை. ஒரே நாளில் ஆற அமர நடந்தே பார்க்கலாம். எனக்கு அத்துப்படி." அன்றிரவு எல்லோரும் தூங்கிய பிறகு புத்தகம் புரட்டியதை யாரும் காணவில்லை.

பிலிமத்தலாவைக்குப் போய், அங்கிருந்து எம்பக்கேக்கு ஓட்டோ பிடித்தோம். டிக்கெட் கவுண்டரில் என் முதல் இராஜதந்திரம்: வெளிநாட்டுக் கட்டணத்திலிருந்து தப்ப, "நீ வாயைத் திறக்காதே" என்று அவளுக்குக் கட்டளை. அவள் திறக்கவில்லை. நான்தான் பதற்றத்தில் கவுண்டர்காரரிடம் இங்கிலீஷில் பேசித் தொலைத்தேன். எந்த நாடு என்று அவர் என்னைக் கேட்டார்.

எம்பக்கே கதிர்காமத் தெய்வத்துக்கு மூன்றாம் விக்கிரமபாகு கட்டியது. நம்மட முருகன்தான் என்று உரிமையோடு நுழைந்தேன். மேளக்காரர் மண்டபத்து மரத்தூண்களில் மல்லர்கள், கழுத்துப் பின்னிய அன்னங்கள், இருதலைப் பறவை, பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய். நின்று பார்த்தால் ஒரு தூணுக்கு ஒரு மணித்தியாலம் வேண்டும். நானோ "அங்கால வா, மேல பார்" என்று அவளை விரட்டிக்கொண்டிருந்தேன். கூரையின் 26 கைமரங்களையும் ஒரே மர ஆணியில் கோத்திருக்கும் அதிசயத்தைக் காட்டிப் புத்தகத்தில் படித்ததை ஒப்புவித்தேன். இலக்கம் சரி. காட்டிய மூலைதான் பிழை. பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடப் பையன் மற்றப் பக்கம் கை நீட்டினான்.

லங்காதிலகவுக்கு வயல் வழியாக நடை. பாறையில் வெட்டிய படிகளின் பாதியில் மூச்சு நின்றுவிட, "இங்கிருந்து பார்க்க வேணும், காட்சி நல்லம்" என்று உட்கார்ந்தேன். நல்ல காலம், காட்சி உண்மையாகவே நன்றாக இருந்தது. 1344இல் நான்காம் புவனேகபாகு காலத்தில் எழுந்த விகாரை. உள்ளே புத்தர், சுற்றிவர உபுல்வன், சமன், கணபதி, கந்தகுமாரன், இவர்களோடு விபீஷணனும். அண்ணனைக் காட்டிக் கொடுத்தவருக்கு இங்கே சந்நிதி! இதைப் பற்றி நீண்ட நேரம் பேச ஆசைப்பட்டேன். ஆனால் அவள் வெளியே பாறையில் இருந்த கல்வெட்டை நோக்கி நடந்துவிட்டாள்.

அதுதான் நான் சேமித்து வைத்திருந்த துருப்பு. சிங்களத்தோடு தமிழிலும் வெட்டப்பட்ட சாசனம். "எங்கட தமிழ், 1344!" என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

"வாசியுங்கோ மாமா."

குனிந்தேன். கண்ணாடியைத் துடைத்தேன். மறுபடி குனிந்தேன். 'க' போல ஒன்று தெரிந்தது. அதுவும் பாறை வெடிப்பாக இருக்கலாம். விகாரைக்கு மானியமாக விட்ட காணிகளின் விபரம் என்று புத்தகத்தில் இருந்ததை, எழுத்துக் கூட்டி வாசிப்பவன் போல விரலை ஓட்டிச் சொன்னேன். வழிபட வந்த சிங்கள அம்மா ஒருவர் சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, நான் விரலை ஓட்டுவது சிங்களப் பகுதியில் என்று மெல்லச் சொன்னார்.

அத்தோடு முழங்காலும் கைவிட்டது. கடலாதெனியவுக்கு இன்னும் மூன்று கிலோமீற்றர் அளவில் நடக்க வேண்டும். "அது இதே மாதிரித்தான்" என்று சொல்லி ஓட்டோவை மறித்தேன். இதே மாதிரி இல்லை. லங்காதிலக செங்கல், அது கல் என்று அவள் போனைப் பார்த்துச் சொன்னாள்.

வீட்டில் மனைவி, "மூன்றும் பார்த்தாச்சா?" என்று கேட்டாள். கணேஸ்வராசாரி என்ற சிற்பி தென்னிந்தியப் பாணியில் கடலாதெனியவைக் கட்டிய அழகை நான் விபரிக்க விபரிக்க, மருமகள் தேத்தண்ணிக் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்திருந்தாள். நல்ல பிள்ளை, ஒன்றும் சொல்லவில்லை.

வர்ணனை அளவுக்கு மீறிவிட்டது போலும். அடுத்த கிழமை சம்பந்தி வீட்டார் வருகிறார்கள். கடலாதெனிய மட்டும் பார்த்தால் போதுமாம், அதுவும் நானே கூட்டிக்கொண்டு போய் விளக்க வேண்டுமாம்.