காற்றைத் திட்டிக்கொண்டே கடைசியில் வருவது எப்படி?

சின்னப் பாய்மரப் படகுப் போட்டியில் கடைசி இடம் சும்மா கிடைத்துவிடாது. உழைக்க வேண்டும். உங்களிடம் ஏற்கெனவே நிறையத் திறமை இருக்கிறது. அதை ஒழுங்குபடுத்தினால் போதும். ஆப்டிமிஸ்ட் படகு ஓட்டும் பொடியன் முதல் லேசர் படகு ஓட்டும் பெரியவர் வரை எல்லோருக்கும் இந்த முறை பலிக்கும்.

1. கரையிலேயே இருங்கள். மற்றவர்கள் சீக்கிரமே தண்ணீரில் இறங்கிக் காற்று எப்படி ஆடுகிறது என்று பார்ப்பார்கள். நீங்கள் இன்னொரு டீ சொல்லுங்கள். கோடையில் சென்னைக் கடலோரம் காலையில் மேற்குக் காற்று அடிக்கும். நண்பகல் வாக்கில் கடற்காற்று கிழக்கிலிருந்து எழும். பிறகு மெல்லத் தெற்கே திரும்பும். காசிமேட்டில் எந்த மீனவரைக் கேட்டாலும் சொல்வார். கேட்காதீர்கள்.

2. கூட்டத்தோடு புறப்படுங்கள். தொடக்கத்துக்கு 5 நிமிடம் முன்பே முதல் சைகை வந்துவிடும். அந்த நேரத்தில் தொடக்கக் கோட்டின் நடுவே படகைக் காற்றுக்கு நேராக நிறுத்தினால், மூக்கு எந்த முனைப் பக்கம் சாய்கிறதோ அதுதான் லாபமான முனை. இந்தச் சோதனையெல்லாம் உங்களுக்கு எதற்கு? நெரிசல் எங்கேயோ அங்கே போய் இரண்டாம் வரிசையில் நில்லுங்கள். முன்னால் நிற்கும் பாய்கள் கலக்கிவிட்ட மிச்சக் காற்று தாராளமாகக் கிடைக்கும்.

3. ஹெடர் வந்தால் அசையாதீர்கள். எந்தப் பாய்மரப் படகும் காற்றுக்கு நேராகப் போகாது. சுமார் 45 பாகை விலகி, டேக் அடித்து அடித்துத்தான், அதாவது மூக்கைக் காற்றின் குறுக்கே திருப்பிப் பாயை மறுபக்கம் மாற்றி மாற்றித்தான், காற்று வரும் பக்கமுள்ள மேல் மிதவையை எட்ட முடியும். காற்று மூக்குப் பக்கம் திரும்பி உங்களை மிதவையிலிருந்து விலக்கினால் அது ஹெடர். உடனே டேக் அடித்தால் அதே காற்று லிஃப்ட் ஆகி மிதவைப் பக்கம் கொண்டுபோகும். ஆகவே அடிக்காதீர்கள். பாயின் முன்விளிம்பு படபடக்கும், அதில் ஒட்டிய கம்பளி நூல் துள்ளும். சுக்கான் பிடியை உங்கள் பக்கம் இழுத்துக்கொண்டு, “இப்போது சரியாகிவிடும்” என்று சொல்லுங்கள்.

4. சரியாகும் நொடியில் டேக் அடியுங்கள். பொறுமை தீரும் நேரமும் காற்று பழைய திசைக்குத் திரும்பும் நேரமும் ஒன்றாக இருப்பது முக்கியம். இரண்டு பக்கமும் ஹெடரிலேயே ஓட்டும் பெருமை சிலருக்கே வாய்க்கும்.

5. தனியாக ஓரத்துக்குப் போங்கள். இரண்டு படகுகள் பக்கவாட்டில் 100 மீட்டர் விலகியிருக்கும்போது காற்று 10 பாகை திரும்பினால், ஒருவருக்குச் சுமார் 25 மீட்டர் லாபம், மற்றவருக்கு அவ்வளவும் நட்டம். இவ்வளவு பெரிய சூதாட்டத்தை விடலாமா? இனி ஒரே டேக்கில் மிதவையை எட்டலாம் என்ற எல்லைக் கோடான லேலைனையும் தாண்டிப் போங்கள். அதற்கப்புறம் லிஃப்ட் வந்தாலும் வீண்தான்.

6. விதியைத் தப்பான நாளில் கடைப்பிடியுங்கள். காற்று இங்குமங்கும் ஊசலாடும் நாளில் ஹெடருக்கு டேக் அடிப்பது சரி. கடற்காற்று விடாமல் தெற்கே திரும்பும் நாளில், கிழக்கு நோக்கிப் போகிறவர் ஹெடரைப் பொறுத்துக்கொண்டு முதலில் வலப்பக்கம் போக வேண்டும். ஊசலாடும் நாள் பூராவும் ஹெடருக்கு டேக் அடிக்காத நீங்கள், அன்றைக்குப் பார்த்து முதல் ஹெடருக்கே டேக் அடித்து இடப்பக்கம் போய்விடுங்கள்.

7. “ஸ்டார்போர்டு!” என்ற கத்தல் கேட்டால் வாதாடுங்கள். போர்ட் டேக்கில், அதாவது காற்றை இடப்பக்கம் வாங்கி வருகிறவர்தான் ஸ்டார்போர்டு டேக்கில் வருகிறவருக்கு வழிவிட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் கடைசி நொடிவரை நம்பிக்கையோடு போங்கள். பிறகு தண்டனையாக இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். எல்லாத் திசையையும் இருமுறை பார்த்த ஒரே ஆள் நீங்கள்தான்.

8. கரையேறியதும் காற்றைத் திட்டுங்கள். “நான் போன பக்கம் மட்டும் காற்றே இல்லை” என்று தொடங்குங்கள். இதே சென்னையிலிருந்து போய் 2021-இல் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்று, அப்படித் தகுதி பெற்ற முதல் இந்தியப் பாய்மரப் படகு வீராங்கனையான நேத்ரா குமணனின் பெயரை யாராவது எடுத்தால், பேச்சைச் சட்டென்று படகின் விலைக்கு மாற்றுங்கள்.

முதலில் வந்தவருக்கும் உங்களுக்கும் அடித்தது ஒரே காற்றுதான். அவர் பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவே. அடுத்த வாரமும் தவறாமல் வாருங்கள். அவர் ஜெயிக்க நீங்கள் வேண்டும்.