ரிசிட் அண்ணன்

எண்ணெய் அடித்து முடித்தாயிற்று, வண்டியை எடுக்கலாம் என்று பார்த்தால் அண்ணனைக் காணோம். உள்ளே கவுண்டரில் நிற்கிறார். "மிஸ், ரிசிட்!" அவருக்குப் பின்னால் நீண்ட வரிசை. வண்டி என்னுடையது. எண்ணெய்க் காசும் என்னுடையது. ரிசிட் மட்டும் அவருக்கு.

"உனக்கெதுக்கு தம்பி? நீ சம்பளக்காரன், கிளைம் பண்ண முடியாது. குப்பைக்குப் போற கடுதாசிதானே!"

கிள்ளானில் ஏர்கான் சர்வீஸ், பெயருக்குப் பின்னால் ஒரு 'என்டர்பிரைஸ்', ஒரு மைவி கார். மற்றபடி நல்ல மனிதர்தான். ரிசிட்டின் முதுகில் காரணம் எழுதுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. தெங்கு கிளானா சாலைக்குத் தீபாவளி முறுக்கு வாங்கப் போனால் 'மார்க்கெட் சர்வே'. மைத்துனர் மகள் கல்யாணத்துக்குப் போனால் 'கஸ்டமர் மீட்டிங்'. கேட்டால், மண்டபத்தில் ஏர்கான் இருந்ததே என்பார். பத்துமலைக்குப் போய்வந்த எண்ணெய் ரிசிட்டில் நான் கண்ணால் பார்த்தது: 'சைட் விசிட், 272 படி, லிஃப்ட் இல்லை.'

2015 ஏப்ரல் 1, ஜிஎஸ்டி வந்தது. அண்ணனுக்குப் பொற்காலம். "ஆறு விழுக்காடு, கவர்மெண்டு திருப்பித் தரணும்!" ஆண்டு விற்பனை 5 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டியவர்களுக்குத்தான் கட்டாயப் பதிவு; பதியாதவர் கட்டிய வரியைத் திரும்பக் கேட்கவே முடியாது. அண்ணன் பதியவில்லை. அதைவிடப் பெரிய கூத்து, அவர் மூன்று ஆண்டுகள் மைலோ டின்னில் சேர்த்ததெல்லாம் ரோன்95 ரிசிட். ரோன்95 பெட்ரோலுக்கு ஜிஎஸ்டியே கிடையாது! இல்லாத வரியைத் திரும்ப வாங்கக் காத்திருந்தார் மனிதர்.

சாதாரணப் பயணிகள் கார் என்றால், பதிவுபெற்ற கம்பெனியேகூட அதை வாங்கியதற்கோ பழுதுபார்த்ததற்கோ கட்டிய ஜிஎஸ்டியைத் திரும்பப் பெற முடியாது என்று யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். மறுவாரம் மைவியின் தலையில் ஓர் அலுமினிய ஏணி. "இப்ப இது லாரி வகை." 2018 ஜூன் 1-இல் ஜிஎஸ்டி பூஜ்யமானது, செப்டம்பர் 1-இல் விற்பனை, சேவை வரியான எஸ்எஸ்டி வந்தது. திரும்பப் பெறும் பேச்சுக்கே அதில் இடமில்லை. ஏணி மட்டும் இறங்கவில்லை.

இப்போது வருமான வரிக்குத் தாவிவிட்டார். சொந்தத் தொழில்காரர் ஜூன் 30-க்குள் பி பாரம் அனுப்ப வேண்டும். தொழிலுக்காக ஓடிய எண்ணெய், டோல், சர்வீஸ் செலவைக் கழிக்கலாம். வீட்டு ஓட்டத்தைப் பிரித்துவிட வேண்டும். வருமானம் ஈட்டுவதற்கென்றே முழுக்கச் செய்த செலவு மட்டும்தான் என்கிறது 1967 வருமான வரிச் சட்டத்தின் 33(1) பிரிவு. தேதி, போன இடம், எத்தனை கிலோமீட்டர் என்று ஒரு நோட்டில் எழுதி வந்தால் பாதி வேலை முடிந்தது. அண்ணன் எழுத மாட்டார். "நோட்டுல எழுதினா உண்மை தெரிஞ்சிடும், தம்பி."

ஆதாரங்களை ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது மட்டும் அவருக்கு மனப்பாடம். டின்னைத் திறந்து காட்டினார். மைலோ வாசம் இன்னும் போகவில்லை. ரிசிட்டெல்லாம் மை பறந்து முன்பக்கம் வெள்ளை வெளேரென்று கிடந்தது. பின்பக்கம் பால்பாயிண்ட் பேனாவில் 'கஸ்டமர் மீட்டிங்' மட்டும் கெட்டியாக நின்றது.

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் தனியாக இருக்கும் ஒரு பாட்டியின் ஏர்கானை அவர் காசு வாங்காமல் கழுவிக் கொடுப்பார். அந்தப் பயணத்துக்கு மட்டும் ரிசிட் கேட்டு நான் பார்த்ததில்லை. இந்த ஒன்றுக்காகவே அவரை என் வண்டியில் ஏற்றிக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்றை என்னால் பொறுக்க முடியவில்லை. அவர் அக்கா மகன் கிராப் ஓட்டுகிறான். விடியற்காலையில் கிள்ளானில் கிளம்பினால் வீடு திரும்ப இரவாகிவிடும். அவன் அடிக்கும் எண்ணெயில் பெரும்பாலானது தொழிலுக்குத்தான். நியாயமாகக் கழிக்கக்கூடிய செலவு. அவன் கையில் ஒரு ரிசிட்கூட இல்லை. "எங்கேடா?" என்றேன். "மாமா வாங்கிக்கிட்டாரு."

அண்ணனிடமே கேட்டேன். கொஞ்சமும் கூசவில்லை.

"சின்னப் பையன் தம்பி அவன். இந்த வயசுல அவனுக்கு என்ன கிளைம்?"