யோப்பாத் துறைமுகத்தில் இருவர்

கேள்வி: தெய்வத்தை எதிர்த்துக் கலகம் செய்த பெருமை சாத்தான் ஒருவனுக்கே உரியதா? துறைமுகத்தை நம்பிப் பிழைக்கும் எங்களுக்கென்று ஒரு கலகக்காரர் வேதாகமத்தில் இல்லையா?
— ஒரு வாசகர், இராயபுரம்

பதில்: சாத்தான் சேனை திரட்டினான், யோனா தீர்க்கதரிசியோ கப்பலுக்குக் கூலி கொடுத்தார். நினிவேக்குப் போகும்படி ஆண்டவர் ஆக்ஞாபிக்க, யோப்பாத் துறைமுகத்திற்கு இறங்கிவந்து தர்ஷீசுக்குக் கப்பலேறி, புயல் எழுந்து மாலுமிகள் தத்தம் தெய்வங்களைக் கூவியழைத்துக்கொண்டு சரக்கையெல்லாம் கடலில் எறிந்துகொண்டிருந்த வேளையில், கீழ்த்தட்டில் அயர்ந்து நித்திரை செய்த அம்மகானுக்கு இணையான கலகக்காரரை நான் அறியேன். குற்றம் பிரயாணியுடையது, நஷ்டம் சரக்குக்காரனுடையது. இந்த நியாயம் உங்கள் பேட்டைக்குப் புதிதன்று. மீன் வயிற்றில் மூன்று நாள் கிடந்து கீழ்ப்படியக் கற்றவர், நினிவே மனந்திரும்பி மன்னிப்புப் பெற்றதும், ஏன் மன்னித்தீர் என்று மறுபடியும் கோபித்துக்கொண்டார்!

உங்கள் இராயப்பராகிய அப்போஸ்தலர் பேதுரு மட்டும் லேசுப்பட்டவரா? அதே யோப்பாவில், கடலோரத்துத் தோல் பதனிடுபவன் வீட்டு மாடியில் பசித்திருந்தவர், வானத்திலிருந்து இறங்கிய சகல ஜீவராசிகளையும் அடித்துப் புசிக்கும்படி அசரீரி சொல்ல, தீட்டுப்பட்டதைத் தொட்டறியேன் என்று ஆசாரம் பேசி ஆண்டவரையே மறுத்தார். எனினும் மறுநாளே ரோமானிய அதிகாரி கொர்நேலியுவின் இல்லத்திற்குப் புறப்பட்டுவிட்டார்.

இராயபுரத்துப் படகோட்டிகள் ஆலயம் எழுப்பியது இராயப்பருக்குத்தான். யோனாவைப் படகில் ஏற்றவே அவர்கள் யோசித்திருப்பார்கள்.